15 கட்டைப் புதிர்: கடைசியில் 14உம் 15உம் மாறி நிற்குது. பிழை தட்டிலயா, ஆளிலயா?

உப்புவெளி வாசிகசாலை

வணக்கம். மார்கழி விடுமுறைக்கு எங்கட வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு இலக்கக் கட்டை தள்ளுற போட்டி ஒன்று வைக்கப் போறம். நாலுக்கு நாலு தட்டு, 1 முதல் 15 வரை கட்டை, ஒரு வெறுங்கட்டம். கட்டையைத் தள்ளித் தள்ளி 1 முதல் 15 வரை வரிசையாக்கி, வெறுங்கட்டத்தைக் கீழ் வல மூலையில் விடுறதுதான் விளையாட்டு. பிளாஸ்டிக் தட்டு 8 கையில இருக்கு. மூன்று சிக்கல்:

8இல் 2 தட்டு எப்படித் தள்ளினாலும் கடைசி நிரை 13 15 14 என்றுதான் முடியுது. மற்றதெல்லாம் சரி.

மேல் நிரையில் 1 2 3 வந்திடும். 4ஐ மூலைக்குக் கொண்டு போனால் 3 வெளியில வருது, 3ஐ உள்ளுக்குத் தள்ளினால் 4 வெளியில வருது.

சில தட்டில் கட்டை இறுகி நகருதில்லை.

விடையோட ஏன் என்றதையும் சொல்லுங்கோ. பிள்ளைகள் கட்டாயம் கேட்பினம்.

நிரையும் நிரலும்

முதல் கேள்விக்கு: பிழை உங்களில் இல்லை. அந்த இரண்டு தட்டிலும் யாரோ கட்டையைக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கழற்றாமல் தள்ளி மட்டும் 13 15 14 என்ற முடிவுக்கு வரவே முடியாது. வர வழியில்லாத இடத்திலிருந்து திரும்பிப் போகவும் வழியில்லை.

காரணம் சின்னக் கணக்குத்தான். தட்டை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு நிரையையும் இடமிருந்து வலமாக, ஒரே நீள வரியாக வாசியுங்கள். வெறுங்கட்டத்தை எண்ண வேண்டாம். பெரிய இலக்கம் முன்னுக்கும் சின்ன இலக்கம் பின்னுக்கும் நிற்கிற ஒவ்வொரு சோடியையும் ஒரு மாறாட்டம் என்று வையுங்கள். அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்றில்லை. 5 முதல் நிரையிலும் 2 இரண்டாம் நிரையிலும் நின்றாலும் அது ஒரு மாறாட்டம்.

இனி ஒரு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வாசிக்கிற வரி மாறாது. மேலேயோ கீழேயோ தள்ளினால் அந்தக் கட்டை வரியில் சரியாக 3 கட்டைகளைத் தாண்டிப் போகும். அப்போது மாறாட்டத் தொகை 1 அல்லது 3 கூடும், இல்லாவிட்டால் 1 அல்லது 3 குறையும். எப்படியானாலும் ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். அதே தள்ளலில் வெறுங்கட்டமும் ஒரு நிரை மாறுகிறது. ஆகவே மாறாட்டத் தொகையையும், வெறுங்கட்டம் கீழிருந்து எத்தனையாம் நிரை என்பதையும் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை ஒற்றையாகத் தொடங்கினால் கடைசி வரை ஒற்றைதான். இரட்டையாகத் தொடங்கினால் கடைசி வரை இரட்டைதான்.

முடிந்த தட்டில் மாறாட்டம் 0, வெறுங்கட்டம் கீழிருந்து 1ஆம் நிரை. கூட்டினால் 1, ஒற்றை. உங்கள் 13 15 14 தட்டில் மாறாட்டம் 1, நிரை 1, கூட்டினால் 2. இரட்டையில் இருந்து ஒற்றைக்குப் பாலம் கிடையாது.

போட்டிக்கு முன் ஒரு தட்டைச் சரிபார்க்கும் விதம்:

5 1 3 4
2 6 8 □
9 10 7 11
13 14 15 12

5க்குப் பின்னால் அதைவிடச் சிறியவை 1, 3, 4, 2: நாலு. 3க்குப் பின் 2: ஒன்று. 4க்குப் பின் 2: ஒன்று. 8, 9, 10 மூன்றுக்கும் பின்னால் 7: மூன்று. 13, 14, 15 மூன்றுக்கும் பின்னால் 12: மூன்று. மொத்தம் 12. வெறுங்கட்டம் கீழிருந்து 3ஆம் நிரை. 12 + 3 = 15, ஒற்றை. தட்டு தீரும். நிரையை மேலிருந்து எண்ணி 12 + 2 = 14, தீராது என்று முடிவெடுப்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. கீழிருந்து எண்ண வேண்டும்.

16 இடத்தில் 15 கட்டையையும் வெறுங்கட்டத்தையும் வைக்கக்கூடிய விதம் 20,922,789,888,000. அதில் சரிபாதி, 10,461,394,944,000 மட்டுமே தீரும். கட்டைகளைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் தீராத தட்டு கிடைப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே கலைக்கும்போது கழற்ற வேண்டாம், தள்ளியே கலையுங்கள். 100 தள்ளலுக்குக் குறையாமல் தள்ளினால் போதும்.

அமெரிக்கப் புதிர் ஆசிரியர் சாம் லொயிட் இதே 14-15 தட்டைத் தீர்ப்பவருக்கு 1000 டொலர் தருவதாக அறிவித்தார். காசு பத்திரமாகவே இருந்தது. தீராது என்பதை ஜோன்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879இலேயே ஒரு கணிதச் சஞ்சிகையில் நிறுவிவிட்டார்கள்.

கோணமலைக் காற்று

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறன். அந்த இரண்டு தட்டையும் எறிய வேண்டாம். எந்த இரண்டு கட்டையையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் தட்டு தீர்கிற பக்கத்துக்கு வந்திடும். 14ஐயும் 15ஐயும்தான் மாற்ற வேண்டும் என்றில்லை.

கழற்ற முடியாத தட்டென்றால் முடிவை மாற்றுங்கோ. வெறுங்கட்டம் மேல் இட மூலையில், பிறகு 1 2 3, அடுத்த நிரை 4 5 6 7, அடுத்தது 8 9 10 11, கடைசி 12 13 14 15. இதில் மாறாட்டம் 0, வெறுங்கட்டம் கீழிருந்து 4. கூட்டினால் இரட்டை. உங்கட 13 15 14 தட்டு இந்த முடிவுக்கு வடிவா வரும்.

இன்னொன்றையும் பாருங்கோ: 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடு இருக்கா? கோடில்லாத தட்டில் கழற்றினவர் இரண்டையும் தலைகீழாகப் போட்டிருந்தால் 6 ஒன்பதாகி, 9 ஆறாகி நிற்கும். அதுவும் ஒரு சோடி மாறினதுதான். பிள்ளை எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் 14-15இல் மாட்டும்.

இனி விளையாடுற முறை. முதலில் ஒரு கட்டையை நகர்த்துறது எப்படி என்று விளங்க வேணும், அதில்தான் கனபேர் நேரத்தை விடுகினம். ஒரு கட்டையை வலப்பக்கம் ஒரு கட்டம் தள்ளினால் வெறுங்கட்டம் அதுக்கு இடப்பக்கம் வந்திடும். அதே கட்டையை இன்னும் ஒரு கட்டம் வலப்பக்கம் கொண்டு போக, வெறுங்கட்டம் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வர 4 தள்ளல், பிறகு கட்டைக்கு ஒன்று, மொத்தம் 5. ஆனால் வலப்பக்கம் போன கட்டையை அடுத்து மேலே ஏற்ற வெறுங்கட்டத்துக்கு 2, கட்டைக்கு 1, மொத்தம் 3. அதனால் ஒரு கட்டை இரண்டு கட்டம் வலமும் இரண்டு கட்டம் மேலும் போக வேண்டி இருந்தால் நேராகப் போய்த் திரும்பாமல் படி ஏறுற மாதிரி வலம், மேல், வலம், மேல் என்று கொண்டு போங்கோ. தள்ளல் நல்லாக் குறையும்.

1ஐயும் 2ஐயும் அதனதன் இடத்தில் வையுங்கோ. இதில் ஒரு வித்தையும் இல்லை. 3ஐ அதன் இடத்தில் வைக்காதையுங்கோ. உங்கட இரண்டாம் சிக்கல் இதுதான். நிரையின் கடைசி இரண்டு கட்டையும் சோடியாக உள்ளுக்குப் போக வேணும், தனித்தனியாகப் போகாது. 3ஐ முதலில் மூன்றாம் அல்லது நாலாம் நிரைக்கு அனுப்பிவிடுங்கோ. 4ஐ 3இன் இடத்தில், அதாவது மேல் நிரை மூன்றாம் கட்டத்தில் வையுங்கோ. பிறகு 3ஐ அதுக்கு நேர் கீழே கொண்டு வாங்கோ. வெறுங்கட்டத்தை மூலைக்குக் கொண்டு போங்கோ. 4ஐ வலப்பக்கம், 3ஐ மேலே. முடிஞ்சுது.

இரண்டாம் நிரையும் இதே: 5, 6 நேராக, பிறகு 8ஐ 7இன் இடத்தில், 7ஐ அதுக்குக் கீழே, வெறுங்கட்டம் வல ஓரத்தில், 8 வலம், 7 மேலே.

கீழ் இரண்டு நிரையை நிரையாகச் செய்யப் போனால் இடம் காணாது. நிரலாகச் செய்யுங்கோ. 13ஐ 9இன் இடத்தில் வையுங்கோ, 9ஐ அதுக்கு வலப்பக்கம், வெறுங்கட்டம் கீழ் இட மூலையில். 13 கீழே, 9 இடப்பக்கம். அடுத்தது 14ஐ 10இன் இடத்தில், 10 அதுக்கு வலப்பக்கம், வெறுங்கட்டம் 14க்குக் கீழே. 14 கீழே, 10 இடப்பக்கம். மிச்சம் 11, 12, 15 மூன்றும். அவையைச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் தானாக வந்து நிற்கும். சுற்றியும் வரவில்லை, 11உம் 12உம் மாறியே நிற்குது என்றால் தட்டுப் பிழை. அதில் இன்னும் மினக்கெட வேண்டாம்.

மூதூர் வேகம்

கடைசி மூன்று கட்டையில் மாட்டினால் தட்டுப் பிழை என்றதுக்கு ஒரு விதிவிலக்கு: படம் ஒட்டின தட்டு. அதில் வானம் மட்டும் உள்ள கட்டை இரண்டு அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தால் எந்தக் கலைப்பும் தீரும். மாட்டினால் அந்த இரண்டையும் ஒன்றின் இடத்தில் ஒன்றை வைத்துத் திரும்பத் தீர்க்கணும். இலக்கத் தட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

நிரை, நிரை, பிறகு நிரல் என்ற முறை பிள்ளைகளுக்குச் சரி. வேகமாச் செய்ய வேணும் என்றால் முதல் நிரை முடிந்ததும் இட ஓர நிரல் 5, 9, 13ஐ முடிங்க. மிச்சம் மூன்றுக்கு மூன்று. சின்னத் தட்டில் கண் ஒரே பார்வையில் எல்லாத்தையும் பிடிக்கும், வெறுங்கட்டம் சுற்ற வேண்டிய தூரமும் குறைவு. நிரலின் கடைசிச் சோடி 9, 13க்கு மேலே சொன்ன அதே விதிதான்: 13 முதல் 9இன் இடத்தில், 9 அதுக்கு வலப்பக்கம்.

போட்டி நடத்துறவங்க முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கு. ஒரே நிரையில் இரண்டு மூன்று கட்டையை ஒரே விரலால் ஒன்றாகத் தள்ளினால் அது ஒரு தள்ளலா, மூன்றா? தனித்தனியாக எண்ணினால் எந்தத் தட்டையும் அதிகம் போனால் 80 தள்ளலில் தீர்க்கலாம், சேர்த்துத் தள்ளுறதை ஒன்றாக எண்ணினால் 43. கணினி தேடிப்பிடித்த மிகக் குறுகிய வழிக்கான உச்ச எண் அது, மனிசன் கையால் செய்யும்போது 150, 200 போறது சாதாரணம். ஆகையால் பிள்ளைகளுக்குத் தள்ளல் எண்ணி வெற்றி சொல்லாதீங்க, நேரம் பாருங்க. எண்ணத் தொடங்கினால் எண்ணுறவருக்கும் பிள்ளைக்கும் சண்டைதான் மிஞ்சும்.

8 தட்டுக்கும் தொடக்க நிலை ஒன்றாக இருக்க வேணும். ஒரு நிலையைத் தள்ளிக் கலைத்து எழுதி வைத்து, மற்றத் தட்டுகளைக் கழற்றி அதே மாதிரி அடுக்குங்க. ஒருவருக்கு 30 தள்ளலில் முடியுற தட்டும் இன்னொருவருக்கு 70 வேண்டிய தட்டும் போனால் அது போட்டி இல்லை, அதிர்ஷ்டலாபச் சீட்டு.

8 வயசுக்குக் கீழே என்றால் மூன்றுக்கு மூன்று தட்டே போதும். 8 கட்டை, தீரக்கூடிய நிலை 181,440, எந்த நிலையும் 31 தள்ளலுக்குள் தீரும். சரிபார்க்கிற விதி இன்னும் லேசு: மேலே கீழே தள்ளும்போது கட்டை 2ஐ மட்டும் தாண்டும், மாறாட்டம் ஒற்றை இரட்டை மாறாது. ஆகவே மாறாட்டம் இரட்டையாக இருந்தால் சரி, வெறுங்கட்டம் எங்க நிற்குது என்று பார்க்கவே தேவையில்லை.

சாம் லொயிட் பற்றிச் சொன்னதில் ஒரு பின்குறிப்பு. விளையாட்டையே தான் கண்டுபிடித்ததாகவும் அவர் சொல்லித் திரிந்தவர். அது புளுகு. நியூயோர்க் மாநிலத்துக் கனஸ்தோட்டா என்ற ஊரின் தபாலதிபர் நோய்ஸ் சப்மன் செய்தது. 1880இல் அமெரிக்கா முழுக்க இது பைத்தியமாகப் பரவின நேரம் லொயிட்டுக்கு இதில் பங்கே இல்லை.

உப்புவெளி வாசிகசாலை

எல்லாருக்கும் நன்றி. அந்த இரண்டு தட்டிலும் 6, 9க்கு அடியில் கோடு இல்லை, இரண்டும் தலைகீழாகத்தான் நிற்குது. 3ஐத் தூர அனுப்பிவிட்டு 4ஐ வைக்கிற முறையும் விளங்கிட்டுது. ஆனால் பிள்ளை ஏற்கெனவே 1 2 3 வைத்து, 4 மூலைக்கு நேர் கீழே, மூலையில் வேற கட்டை நின்றால் என்ன செய்யிறது? எல்லாத்தையும் கலைக்கவா? 4 3 என்று மாறி உள்ளுக்குப் போனாலும் இதே கேள்வி.

கோணமலைக் காற்று

கலைக்கத் தேவையில்லை. 13 தள்ளலில் நிமிர்த்தலாம். உதாரணத்துக்கு வலப்பக்க இரண்டு நிரல் இப்படி நிற்குது என்று வையுங்கோ (புள்ளி போட்ட இடத்தில் எது நின்றாலும் பரவாயில்லை):

1 2 3 11
· · □ 4
· · 9 14

வெறுங்கட்டம் 3க்குக் கீழே வந்தாப் பிறகுதான் தொடங்க வேணும். பிறகு:

9 மேலே, 14 இடம், 4 கீழே, 11 கீழே, 3 வலம், 9 மேலே, 11 இடம், 4 மேலே. இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கோ: மூலையில் 3, அதுக்கு நேர் கீழே 4. சோடி சேர்ந்திட்டுது. இனி வெறுங்கட்டத்தை 3க்கு இடப்பக்கம் கொண்டு போறதுதான் மிச்சம்: 14 வலம், 11 கீழே, 9 கீழே. கடைசியாக 3 இடம், 4 மேலே.

பிள்ளைக்கு 13ஐயும் பாடமாக்கச் சொல்லாதையுங்கோ. 4ஐ ஒரு நிரை கீழே இறக்கி, 3ஐ மூலைக்குத் தள்ளி, 4ஐ அதின் வாலில் ஒட்டி, இரண்டையும் ரயில் பெட்டி மாதிரி உள்ளுக்கு இழுக்கிறது. அவ்வளவுதான் விசயம்.

4 3 என்று மாறி நின்றால் வெறுங்கட்டத்தை 4க்குக் கீழே கொண்டு வந்து: 4 கீழே, 3 இடம், மூலைக்குக் கீழே நிற்கிற கட்டை மேலே, 4 வலம். இப்ப மேலே உள்ள படம் அப்படியே வந்திடும். பிறகு அதே 13.

9, 13 மாட்டினாலும் இதே தொடர்தான், திசை மட்டும் மாறும். 3க்குப் பதில் 9, 4க்குப் பதில் 13. மேலே என்ற இடத்தில் இடம், இடம் என்ற இடத்தில் மேலே, கீழே என்ற இடத்தில் வலம், வலம் என்ற இடத்தில் கீழே.

அனுராதபுரச் சந்தித் தச்சு

மூன்றாவது கேள்வியை ஒருத்தரும் தொடவில்லை. இறுகின பிளாஸ்டிக் தட்டுக்குத் தேங்காயெண்ணெய் போடாதீங்க. இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியும் கை அழுக்கும் சேர்ந்து பசை மாதிரிப் பிடிக்கும். கட்டையைக் கழற்றி, ஓரத்துப் பள்ளத்தையும் அதுக்குள்ள ஓடுற நாக்கையும் பழைய பல் தூரிகையால் சவர்க்காரத் தண்ணி போட்டுத் தேய்த்து, நல்லாக் காய வைத்து, மெழுகுதிரியை நாக்கில் ஒரு தரம் உரசுங்க. பென்சில் கரியும் வேலை செய்யும், ஆனால் பிள்ளைகளின்ட கையெல்லாம் கறுக்கும். கழற்றுமுன் தட்டைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்க, திரும்ப அடுக்கும்போது ஒற்றை இரட்டைச் சிக்கல் வராது. கழற்றின கையோட 6, 9 இரண்டையும் நேராகத் திருப்பிப் போட்டு, அடியில் ஆணியால் ஒரு கோடும் கீறி விடுங்க.

தட்டு காணாது என்றால் பலகையிலேயே செய்யலாம். 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் 28 மில்லிமீற்றர்ச் சதுரம் 15. தட்டின் உள்ளளவு நாலு கட்டைக்கு 112, அதோட இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர், ஆக 113.5 முதல் 114 வரை. இடைவெளி 3க்கு மேலே போனால் கட்டை சரிந்து குறுக்கே இறுகும், தள்ளத் தள்ள இன்னும் இறுகும். ஒன்றுக்குக் கீழே போனால் கச்சான் காற்றடிக்கிற வறண்ட காலத்தில் வழுக்கி ஓடுற கட்டை மாரி தொடங்கினதும் ஊதி நிற்கும். உங்கட போட்டி மார்கழியில், அதனால 114ஐயே எடுங்க.

15 சதுரமும் ஒரே அளவாக வர வேணும் என்றால் ஒவ்வொன்றாக அளந்து வெட்டாதீங்க. 28 மில்லிமீற்றர் அகலத்தில் நீளக் கீற்று ஒன்று கிழித்து, அதில் மட்டத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை வைத்துத் துண்டு போடுங்க. கீற்றின் நீளம் 50 சென்ரிமீற்றர் வைத்தால் வாள் தின்னுறதும் சேர்த்துப் போதும், இரண்டொரு துண்டு மிச்சமாகவும் வரும். 120 மண்தாளால் விளிம்பையும் பிறகு 220ஆல் முகத்தையும் தேயுங்க. நாலு கூர் மூலையையும் லேசாக மழுக்குங்க. கூராக விட்டால் நாலு கட்டை கூடுற இடத்தில் ஒன்றோட ஒன்று கொழுவும்.

வார்னிஷ் முகத்துக்கு மட்டும். பக்கத்தில் இரண்டு பூச்சுப் போட்டால் ஒரு கட்டைக்குக் கால் மில்லிமீற்றர் தடிக்கும், நாலு கட்டைக்கு ஒரு மில்லிமீற்றர் போயிடும், விட்ட இடைவெளியில் பாதி அதிலேயே முடிஞ்சுது. பக்கத்துக்கு மெழுகு போதும்.

சோடாப் போத்தல் மூடி வைத்தும் பிள்ளைகளுக்குக் காட்டலாம், மூடிக்கு மேலே இலக்கம் எழுதிக் கடதாசிக் கட்டத்தில் வைக்கிறது. வட்டமானபடியால் இரண்டு மூடிக்கு இடையால மூன்றாவது நழுவும், தூக்கி வைக்கவும் கை போகும். முறையைக் காட்டிக் குடுக்கச் சரி, போட்டிக்குச் சரிவராது.